பேட்டரி இல்லாமலும் 120/80

அத்தைக்குப் பக்கவாதம் வந்து, வீட்டில் ஆள் வைத்துப் பார்க்க ஆரம்பித்ததிலிருந்து, "நல்ல ஏஜென்சி இருந்தா சொல்லுங்கக்கா" என்று மதுரையின் அந்தக் கோடியிலிருந்தெல்லாம் எனக்கு போன் வருகிறது. பெயர் சொல்வதில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் நோட்டு. பிபி, சர்க்கரை, சிறுநீர் அளவு, மாத்திரை கொடுத்த நேரம் எல்லாம் எழுத ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். முதல் ஏஜென்சி அனுப்பிய பெண்ணின் நோட்டு கல்யாணப் பத்திரிகை போல அழகாக இருக்கும். காலை 120/80, மாலை 120/80, மறுநாளும் அதே. மனுஷ உடம்பில் பிபி அப்படி ஓரிடத்தில் உட்காராதே என்று ஒரு நாள் மெஷினிலிருந்து பேட்டரியைக் கழற்றி வைத்தேன். அன்றைக்கும் 120/80.

நோட்டைவிட முதுகு உண்மை சொல்லும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் (2021 ஆகஸ்டில் தொடங்கினார்களே, அதுதான்) வீட்டுக்கு வந்த நர்ஸ், நோட்டைக் கேட்கவே இல்லை. அத்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வால் எலும்புக்கு மேலே விரலால் அழுத்தி எடுத்தார். சிவந்த இடம் அழுத்தினால் வெளுத்துப் பிறகு சிவக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே நின்றால் படுக்கைப் புண்ணின் முதல் படி. நம்மைப் போன்ற கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது, அதனால் சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தடவிப் பார்க்கச் சொன்னார். அடுத்து குதிகால், இடுப்பு. "ஏர் பெட் போட்டிருக்கோமே" என்றார் என் கணவர். "போட்டாலும் புரட்டணும் சார்" என்றார் அவர். எத்தனை மணிக்கொரு தரம் என்றால், சாதாரணமாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை.

இங்கேதான் ஏஜென்சிகளின் கணக்கு இடிக்கிறது. 24 மணி நேரமும் ஒரே ஆள், ராத்திரியும் 2 மணிக்கொரு தரம் புரட்டுவார் என்கிறார்கள். அந்த ஆள் எப்போது தூங்குவார்? இதைக் கேட்டதும் "அதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க மேடம்" என்றால் போனை வைத்துவிடலாம். எங்கள் வீட்டில் ராத்திரிப் புரட்டல் என் கணவர் பொறுப்பு.

அப்புறம் இந்த "சிஸ்டர்". வருகிற எல்லோரும் சிஸ்டர்தான். குளிப்பாட்ட, துணி மாற்ற, குழாய் வழியே கஞ்சி கொடுக்கப் பழகிய ஒரு அக்கா போதும். மூக்குக் குழாய் மாற்றவும் சிறுநீர்க் குழாய் போடவும் அது போதாது. அதற்குப் படித்த நர்ஸ் வேண்டும். நர்ஸ் என்று சொல்லி அனுப்பினால் நர்சிங் கவுன்சிலில் பதிந்த எண்ணைக் கேளுங்கள்.

வருகிறவரிடம் தனியாக, "உங்க கைக்கு எவ்வளவு வருது?" என்றும் கேட்பேன். நாம் கொடுப்பதில் பெரும் பகுதி ஏஜென்சிக்கே போனால் அந்த அக்கா நிலைக்கமாட்டார். மாதத்துக்கு ஒரு புது முகம் வந்து, அத்தைக்கு எந்தப் பக்கம் கை தூக்க வராது என்று முதலிலிருந்து கற்றுக்கொள்ளும்.

இப்போது இருப்பவர் மானாமதுரைப் பக்கம். ஊரில் திருவிழா என்று கிளம்பும்போது, மாற்று ஆளை ஏஜென்சி முந்தின நாள் சாயங்காலமே அனுப்பிவிட்டது. அந்தப் பெண்ணை அடுப்படியிலிருந்தே கூப்பிட்டு இவர் பாடம் எடுத்தார்: "தலைமாட்டத் தூக்கி வச்சுட்டுத்தான் கஞ்சி குடுக்கணும். குடுத்துட்டு அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் எறக்கிறாத, பாட்டிக்குப் பொரையேறும். யூரின் பையக் கட்டில் மேல வைக்காத, கீழதான் தொங்கணும்." இரண்டு பேருமாக அத்தையை ஒரு தரம் புரட்டியும் பார்த்தார்கள்.

இந்த ஏஜென்சி முதலாவதைவிடக் கூடத்தான் வாங்குகிறது. நோட்டில் நேற்று 146/88 எழுதியிருக்கிறது, பக்கத்திலேயே "டாக்டருக்குச் சொல்லியாச்சு" என்று கோணல் கையெழுத்தில்.