ஹேஸ்டிங்ஸ்: படகுகள் கரையேறும் ஊர்

ஹேஸ்டிங்ஸ் என்றதும் 1066 தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். நார்மண்டி வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்த போர். ஆனால் அந்தப் போர் நடந்தது இங்கே இல்லை, பத்துப் பதினோரு கிலோமீட்டர் உள்ளே தள்ளி. அந்த ஊருக்குப் பெயரே பேட்டில். ரயிலில் கால் மணி நேரம்தான். போர்க்களத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள் அங்கே போய் வில்லியம் கட்டுவித்த மடாலயத்தின் இடிபாடுகளைப் பார்க்கலாம். ஹேஸ்டிங்ஸுக்கு வருகிறவர்கள் நேரே கடற்கரைக்குப் போங்கள் என்பது என் கட்சி.

லண்டன் சேரிங் கிராஸிலிருந்து ரயிலில் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஸ்டேஷனில் இறங்கிக் கடலோரமாகவே கிழக்கே நடந்தால் பழைய ஊர். வழியில் குழந்தைகளுக்கான ராட்டினம், காசு போட்டு ஆடும் மெஷின்கள், மினி கோல்ஃப். எல்லா ஆங்கிலக் கடற்கரை ஊரிலும் இருப்பவைதான்.

அதைத் தாண்டியதும் ஸ்டேட் என்கிற மீனவர் கரை. மணல் கிடையாது, முழுக்கக் கூழாங்கல். துறைமுகமும் கிடையாது. 1890களில் கட்ட ஆரம்பித்த துறைமுகம் பாதியிலேயே நின்றுபோனது. அதனால் கரையிலிருந்தே கடலில் இறங்கி, திரும்பக் கரையிலேயே ஏறுகின்றன படகுகள். ஐரோப்பாவில் இப்படி இயங்கும் படகுக் கூட்டங்களில் இதுதான் பெரியது என்கிறார்கள். நான் போனபோது ஒரு படகு கரை தட்டியது. எண்ணெயும் செதிலும் அப்பிய ரப்பர் பூட்ஸோடு ஒருவர் இறங்கி இரும்புக் கயிற்றை மாட்ட, மேலே வின்ச் உறுமியது. அடியில் கற்கள் நறநறவென்று அரைபட, படகு அங்குலம் அங்குலமாக ஏறியது. நம் குப்பங்களில் ஃபைபர் படகை டிராக்டர் கட்டி இழுப்பார்களே, அதே வேலைதான். சத்தம்தான் வேறு.

பக்கத்திலேயே கன்னங்கரேல் என்று ஒல்லி ஒல்லியாக நிற்கும் மரக் கொட்டகைகள். தரையில் எட்டொன்பது அடிச் சதுரம்தான், உயரமோ இரண்டு மூன்று மாடி. வலையைத் தொங்கவிட்டுக் காயப்போடத்தான் இவ்வளவு உயரம் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அந்தக் காலத்தில் கரையில் இடம் குறைவு, அதனால் மேலே கட்டினார்கள். பருத்தி, சணல் வலைகள் ஈரத்தில் மக்கிவிடாமல் பத்திரப்படுத்தும் கிடங்குகள் இவை. தார் பூசியதால்தான் கறுப்பு.

எதிரே மீனவர் அருங்காட்சியகம், அனுமதி இலவசம். 1854இல் மீனவர்களுக்காகக் கட்டிய தேவாலயம் அது. நடுக்கூடத்தை அடைத்துக்கொண்டு 1912இல் கட்டிய 'என்டர்பிரைஸ்' என்ற பாய்மரப் படகு நிற்கிறது. ஏறிப் பார்க்கலாம்.

சாப்பாட்டுக்கு ஃபிஷ் அண்ட் சிப்ஸ் எங்கும் கிடைக்கும். ஆனால் கரையோரக் கடைகளில் அன்றைய மீனே இருக்கும்போது அது எதற்கு? மாந்தலும் கானாங்கெளுத்தியும் கணவாயும் வரும். வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டால் கடற்புறாக்கள் மேல் ஒரு கண் இருக்கட்டும், தட்டிலிருந்தே கொத்திக்கொண்டு போகும்.

பிறகு கிழக்குக் குன்றுக்கு லிஃப்ட் என்கிற சாய்வு ரயில். 1902இல் தொடங்கியது. முதலில் தண்ணீரின் எடையில் ஓடியது, இப்போது மின்சாரம். சில சமயம் பழுதுக்காக மூடிவிடுவார்கள், விசாரித்துவிட்டுப் போங்கள். மேலே புல்வெளியில் நின்றால் படகுகள், பழைய ஊரின் ஓட்டுக்கூரைகள், எதிர்க்குன்றில் வில்லியம் கோட்டையின் மிச்சம் எல்லாம் ஒரே பார்வையில்.

நேரமிருந்தால் மேற்கே ஒட்டியிருக்கும் செயின்ட் லியோனார்ட்ஸுக்கும் நடங்கள். அங்கே அப்பர் மேஸ் ஹில் தெருவில் பாஸ்டன் லாட்ஜ் என்றொரு வீடு. கணினி இயலின் முன்னோடி ஆலன் டூரிங் சிறுவயதில் அங்கேதான் வளர்ந்தார். அப்பாவுக்கு மெட்ராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். வேலை, அதனால் பிள்ளைகளை இங்கே ஒரு குடும்பத்திடம் விட்டிருந்தார்கள். அம்மா சாரா பிறந்தது நம் போத்தனூரில். தாத்தா மெட்ராஸ் ரயில்வேயில் தலைமைப் பொறியாளர். வீட்டுக்குள் போக முடியாது. சுவரில் நீல நிற நினைவுப் பலகை இருக்கிறது, தெருவிலிருந்தே படிக்கலாம்.