மார்ச் 14க்குள் தீர வேண்டிய கணக்கு

பிப்ரவரி பிறந்ததும் எங்கள் பிரிவில் பெண்களுக்கு மட்டும் ஒரு மின்னஞ்சல் போகும். ஆளுக்கு 500 யென், இன்ன தேதிக்குள் இன்னாரிடம் கொடுத்துவிடவும், அவ்வளவுதான் விஷயம். ஆண்கள் யாருக்கும் அது வராது. ஆனால் அப்படி ஒன்று போகிறது என்று எல்லா ஆண்களுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதுதான் மரியாதை. டோக்கியோவில் அந்த நிறுவனத்தில் எனக்குக் கணக்கு மென்பொருள் பராமரிக்கும் வேலை. நாள் முழுக்க வரவு, நிலுவை, ஆண்டு முடிவு என்றே ஓடும். அதனாலோ என்னவோ, காதலர் தினம் என்ற பெயரில் அங்கே நடந்ததையும் நான் கணக்காகவே பார்த்தேன்.

ஜப்பானில் பிப்ரவரி 14 அன்று பெண்கள்தான் ஆண்களுக்குச் சாக்லேட் தருவார்கள். ஆண்கள் அன்றைக்கு வாங்கிக்கொண்டால் போதும். மனசுக்குப் பிடித்தவருக்குத் தருவது ஹொன்மெய் சோக்கோ. மேலாளர், பக்கத்து மேசைக்காரர், என்றோ ஒரு நாள் பிரிண்டரைச் சரிசெய்து கொடுத்தவர் என்று மற்றவர்களுக்கெல்லாம் போவது கிரி சோக்கோ, அதாவது கடமைக்குத் தரும் சாக்லேட். ஒரு மாதம் கழித்து மார்ச் 14, வைட் டே. வாங்கிய ஆண்கள் அன்று திருப்பித் தர வேண்டும். இந்தத் திருப்பித் தருதலுக்கு ஒகாஎஷி என்று பெயர். கல்யாணம், குழந்தை பிறப்பு, சாவு எதுவானாலும் ஜப்பானில் ஒகாஎஷி இல்லாமல் காரியம் முடியாது. துக்க வீட்டில் 5,000 யென் கவர் கொடுத்தால், ஏறக்குறைய பாதி மதிப்புக்குத் தேயிலையோ துண்டோ ஒரு பெட்டியில் நமக்குத் திரும்பி வரும்.

மொய் நோட்டைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் வியக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. நம்மூரில் பெயரையும் தொகையையும் சத்தமாகச் சொல்லி எழுதுவார்கள். அலுவலக சாக்லேட்டை யாரும் எங்கேயும் எழுதுவதில்லை. ஆனால் எல்லோருக்கும் எல்லாம் ஞாபகம் இருக்கும்.

கேட்கும்போது ஏதோ பழைய சம்பிரதாயம் மாதிரி இருக்கிறதல்லவா? அத்தனையும் மிட்டாய்க்காரர்கள் வேலை. கோபே நகரத்தில் ரஷ்யாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் தொடங்கிய மொரோசோஃப் நிறுவனம், 1936இல் ஓர் ஆங்கில நாளிதழில் காதலர் தின சாக்லேட்டுக்கு விளம்பரம் கொடுத்தது. (அந்த வீட்டுப் பிள்ளையின் பெயரே வாலன்டைன்தான். பிற்பாடு ஜப்பானியப் பங்காளியோடு தகராறாகி அந்தக் குடும்பம் கம்பெனியை விட்டே போய்விட்டது.) 1958இல் மேரி சாக்லேட் நிறுவனம் ஷின்ஜுகு இசெத்தான் டிபார்ட்மென்ட் ஸ்டோரில் மூன்று நாள் விற்பனை போட்டது. மொத்த வசூல் 170 யென் என்று அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். சில சாக்லேட், ஒரு வாழ்த்து அட்டை. அடுத்த வருஷம் இதய வடிவத்தில் செய்து, பெண்கள் ஆண்களிடம் மனம் திறக்கும் நாள் இது என்று பிரசாரம் செய்யத் தொடங்கினார்கள். அப்புறம் பிடித்துக்கொண்டது.

வைட் டே அதைவிடப் புதியது. ஃபுகுவோகாவில் இஷிமுரா மன்செய்தோ என்ற இனிப்புக் கடை 1970களின் கடைசியில் மார்ச் 14ஐ மார்ஷ்மெல்லோ (பஞ்சு மாதிரி மெத்தென்ற இனிப்பு) தினம் என்று கொண்டாடியது. பெண்களிடம் சாக்லேட் வாங்கிக்கொள்ளும் ஆண்கள் பதிலுக்கு ஒன்றும் தருவதில்லையே என்று ஒரு பத்திரிகையில் வந்த குறைதான் தூண்டுதல் என்பது கடையின் கதை. 1980இல் மிட்டாய் உற்பத்தியாளர் சங்கம் அதே தேதியில் வைட் டேயை நாடு முழுக்க நடத்தியது. முதலில் யோசித்தது யார் என்பதில் இரண்டு தரப்புக்கும் தனித்தனிக் கதை இருக்கிறது.

உண்மையான காதலர்களின் இரவு என்றால் அது டிசம்பர் 24தான். ஜோடி ஜோடியாக உணவகம், விளக்கு அலங்காரம், இரண்டு பக்கமும் பரிசு. அதில் அலுவலகத்துக்கு ஒரு வேலையும் இல்லை. அன்று மாலை இளசுகள் சரியான நேரத்துக்குக் கிளம்பிவிடுவார்கள், அவ்வளவுதான். அலுவலகம் பிடித்து வைத்துக்கொண்டது பிப்ரவரியையும் மார்ச்சையும்.

பிப்ரவரி 14 காலையில் என் கீபோர்டு மேல் உள்ளங்கை அளவுக்கு ஒரு பெட்டி இருந்தது. எல்லா ஆண்கள் மேசையிலும் அதே பெட்டி, அதே இடத்தில். மேலே சின்ன அட்டை: எப்போதும் உதவுவதற்கு நன்றி. கீழே தனிப் பெயர் கிடையாது, ‘பெண் ஊழியர்கள் அனைவரும்’ என்று மட்டும். யாரிடமிருந்து யாருக்கு என்ற கேள்விக்கே இடம் இல்லாதபடி பார்த்துப் பார்த்துச் செய்த ஏற்பாடு. என் பெட்டியில் மட்டும் கூடுதலாக மஞ்சள் ஒட்டுத்தாள் ஒன்று. மது இல்லை, ஜெலட்டின் இல்லை என்று எழுதி, பெட்டியின் பின்னால் இருந்த பொருள் பட்டியலில் அந்த வரியைப் பென்சிலால் கோடிட்டிருந்தார்கள். எழுத்து எங்கள் பிரிவின் மூத்த பெண் ஊழியருடையது. அலுவலக விருந்தில் நான் எதைத் தொடாமல் ஒதுக்குகிறேன் என்று எப்போதோ கவனித்திருக்கிறார். நான் அவரிடம் சொன்னதே இல்லை.

கிரி சோக்கோவை வெறும் சடங்கு, போலி என்று திட்டுகிறவர்களிடம் நான் முழுசாகச் சேராததற்கு அந்த மஞ்சள் தாள்தான் காரணம். ஆனால் அதை எழுதியவர் அந்த வாரம் வேறு என்னவெல்லாம் செய்தார் என்பதையும் பின்னால் அவரே சொன்னார். பணம் தராதவர்களிடம் இரண்டு முறை நாசூக்காக நினைவூட்டினார். கிளையிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வருகிறவரைச் சேர்ப்பதா, ஒப்பந்தத்தில் இருக்கும் ஆட்களைச் சேர்ப்பதா என்று முடிவெடுத்தார். போன வருஷத்தைவிட மலிவாகத் தெரியாத, விலை ஏறியதும் தெரியாத ஒரு பெட்டியைத் தேடினார். உணவு இடைவேளையில் கடைக்குப் போய்ச் சுமந்து வந்தார். 14ஆம் தேதி எல்லோருக்கும் முன்னால் வந்து மேசை மேசையாக வைத்தார். இதற்கெல்லாம் சம்பளம் கிடையாது. அவருக்கு முன்னால் செய்ததும் ஒரு பெண், அவருக்கு அப்புறம் செய்யப்போவதும் ஒரு பெண்.

மார்ச்சில் ஆண்கள் முறை. கடைசியாகச் சேர்ந்தவன் நான் என்பதால் வாங்கி வரும் வேலை எனக்கு வந்தது. பிரிவுத் தலைவர் கூடுதலாகப் போட்டார், மற்றவர்கள் ஒரே தொகை. கையில் பணத்தோடு எனக்கு வாய்மொழியாகக் கொஞ்சம் நிபந்தனைகளும் கிடைத்தன. ஒவ்வொன்றும் தனித்தனியே உறையிட்டதாக இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் தேவைப்படக் கூடாது. அவர்கள் தந்ததைவிட மலிவாக இருக்கக் கூடாது, அதற்காக அவர்கள் சங்கடப்படும் அளவுக்கும் போகக் கூடாது. மூன்று மடங்கு திருப்பித் தர வேண்டும் என்ற பேச்செல்லாம் பணம் புரண்ட 1980களின் பெருமை. எங்கள் பிரிவில் கொஞ்சம் கூடப் போட்டால் போதும். பிப்ரவரியில் வந்த பெட்டியின் விலையைக் கடையின் இணையதளத்தில் ஏற்கெனவே யாரோ பார்த்து வைத்திருந்தார்கள்.

கடைசியாக ஒன்று சொன்னார்கள்: மார்ஷ்மெல்லோ மட்டும் வேண்டாம். வைட் டேயில் மார்ஷ்மெல்லோ தந்தால் ‘உன்னைப் பிடிக்கவில்லை’ என்று அர்த்தமாம். மிட்டாய் என்றால் பிடிக்கும், குக்கீ என்றால் நட்பு. இந்த அகராதி எப்படி வந்ததோ தெரியவில்லை, ஆனால் எந்த இனிப்புக்காக அந்த நாளையே உண்டாக்கினார்களோ அதையே அந்த நாளில் தர முடியாமல் செய்துவிட்டது. ஃபுகுவோகா கடைக்காரரை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

டிபார்ட்மென்ட் ஸ்டோரின் பேஸ்மென்டில் அன்று ஒரே கோட்டு சூட்டு கூட்டம். எல்லோரும் போனைப் பார்த்தபடி, தலைகளை எண்ணிக்கொண்டு நிற்கிறார்கள். நான் குக்கீ பெட்டிகளைக் காட்டியதும் விற்பனைப் பெண் கேட்ட முதல் கேள்வி, “கையில் கொடுக்கச் சின்னப் பைகள் எத்தனை வேண்டும்?” பெட்டி எத்தனையோ அத்தனை பையையும் மடித்துத் தனியே ஒரு பெரிய பையில் போட்டுத் தந்தார். வழியில் கசங்கக் கூடாது, கொடுக்கும் நிமிஷத்தில்தான் பிரிக்க வேண்டும். எத்தனை ஆயிரம் பேர் இதே காரியத்துக்கு வந்து போயிருந்தால் இந்தக் கேள்வி இவ்வளவு சரளமாக வாயில் வரும்!

தேதியில்கூட ஒரு வசதி இருக்கிறது. ஜப்பானில் பெரும்பாலான பெரிய நிறுவனங்களுக்கு மார்ச் 31 அன்று கணக்கு ஆண்டு முடிகிறது. ஏப்ரல் 1 இடமாற்ற நாள். மார்ச் 14க்குள் திருப்பித் தந்துவிட்டால் யாரும் யாருக்கும் பாக்கி இல்லாமல் பிரியலாம். லீப் வருஷம் தவிர்த்து, இரண்டு 14ஆம் தேதிகளும் ஒரே கிழமையில் வரும். பிப்ரவரி 14 ஞாயிறானால் மார்ச் 14ம் ஞாயிறு. கடனும் இல்லை, தீர்ப்பதும் இல்லை.

அப்படி ஞாயிறில் விழுந்தால் நிம்மதி என்று பெண்கள் நினைப்பது பத்திரிகையிலேயே வந்தது. 2018 பிப்ரவரி 1 அன்று கோடைவா நிறுவனம் நிக்கேய் நாளிதழில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தது: ஜப்பானே, கிரி சோக்கோவை நிறுத்துவோம். சாக்லேட் விற்கிற கம்பெனி சொல்கிறது! சிரமப்பட வேண்டாம் என்று நிறுவனத் தலைவர்களே பெண் ஊழியர்களிடம் சொல்லுங்கள் என்றது விளம்பரம். கோடைவா விலையில் கடமைக்கு வாங்குவோர் குறைவு, அதனால் அவர்களுக்குச் சொல்வது எளிது என்று எங்கள் அலுவலகத்தில் சிரித்தார்கள். அப்போது ஐம்பது யென்கூட ஆகாத பிளாக் தண்டர் பட்டையைத் தயாரிக்கும் யூராக்கு நிறுவனம், ‘பார்த்ததுமே கடமைக்கு என்று தெரியும் சாக்லேட்’ என்றே வருஷா வருஷம் விளம்பரம் செய்துவந்தது. எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது.

அந்த விளம்பரப் பக்கம் எங்கள் பிரிவில் மேசைக்கு மேசை போனது. மூத்த பெண் ஊழியர் அதை இரண்டு முறை படித்தார். சிரித்தார். இரண்டு வாரம் கழித்து, 14ஆம் தேதி காலையில், என் கீபோர்டு மேல் பெட்டி இருந்தது. “நிறுத்தலாமே?” என்று அவரிடம் கேட்டேன். “என் முறையில் நிறுத்தினால், ‘இந்த வருஷம் ஏன் இல்லை’ என்று யாராவது மனசுக்குள் நினைப்பார்கள். அதை யார் சுமப்பது?” என்றார். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆனால் அவர் சொன்னதில் தப்பும் இல்லை. தருவதை ஆரம்பிக்க ஒரு காரணம் போதும். நிறுத்தினால் யாரோ ஒருவர் முகத்தைப் பார்த்து நீ வேண்டாம் என்று சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது.

கடைசியில் நிறுத்தியது ஆள் இல்லை, நாட்காட்டி. 2020இல் பிப்ரவரி 14 வெள்ளிக்கிழமை, சாக்லேட் வழக்கம்போல வந்தது. லீப் வருஷம், மார்ச் 14 சனி. அதற்குள் கொரோனா பயத்தில் பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை செய்ய ஆரம்பித்திருந்தார்கள். வாங்கிய குக்கீ பெட்டிகளைப் பேன்ட்ரி அலமாரியில் வைத்தோம். பெண்கள் அவரவர் வரும் நாளில் எடுத்துக்கொண்டார்கள். ஒன்று மட்டும் மிஞ்சியது. அது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் பசியோடு ஓவர்டைம் பார்த்த யாரும்கூடத் தொடவில்லை. அந்தப் பெட்டிக்கு உரியவர் ஏப்ரலில் ஒசாகாவுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். கடைசியில் பிரிவுத் தலைவர் அதைக் கூரியரில் அனுப்பினார். கூரியர் கட்டணம் குக்கீ விலையைத் தாண்டியிருக்கும். கணக்கு தீர்ந்தது. அடுத்த வருஷம் பிப்ரவரி 14 ஞாயிறு. மின்னஞ்சல் போகவில்லை. அதற்கடுத்த வருஷமும் போகவில்லை. நிறுத்துவதாக யாரும் அறிவிக்கவில்லை, ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை.

இதற்காகச் சாக்லேட் கடைகள் இழுத்து மூடவில்லை. பிப்ரவரியில் டிபார்ட்மென்ட் ஸ்டோர்களில் இப்போதும் நிற்க இடம் இருக்காது. பெண்கள் தங்களுக்கே வாங்கிக்கொள்கிறார்கள், அதுவும் நல்ல விலையில். எனக்கு 500 யென்னில் பெட்டி தேடிய அதே மூத்த பெண் ஊழியர் இப்போது விடுப்பு போட்டுவிட்டு பிரெஞ்சு சாக்லேட்டுக்கு வரிசையில் நிற்கிறார். எனக்கு ஒரு துண்டுகூடத் தருவதில்லை. நல்லது என்றே நினைக்கிறேன்.

இன்னொரு கூட்டம் பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகள். தோழிகளுக்குள் பரிமாறிக்கொள்வது தோமோ சோக்கோ. எங்கள் மகளின் ஆரம்பப் பள்ளியில் தின்பண்டம் கொண்டுபோகத் தடை, அதனால் பள்ளி விட்டதும் பூங்காவில் கூடித்தான் பரிமாற்றம். முந்தின நாள் இரவு எங்கள் வீட்டு அடுப்படியில் மனைவி பட்டை சாக்லேட்டை உடைத்து உருக்கி அச்சில் ஊற்ற, மகள் பட்டியலைச் சரிபார்த்தாள். போன வருஷம் யார் தந்தார்கள், யாருக்கு இவள் தரவில்லை, யாருக்குக் கட்டாயம் தர வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். தோழிகள் பெயருக்கு நடுவே ஒரு பையன் பெயரும் இருந்தது. யாரு இது என்று கொஞ்சம் கவலையோடுதான் கேட்டேன்.

“போன மாசம் எனக்கு அழிரப்பர் கொடுத்தான்ப்பா” என்றாள்.