பாதையில் எண்ணப்பட்ட தலைகள்

2007ஆம் ஆண்டின் கடைசியில் மட்டக்களப்பிலிருந்து கனடாவுக்கு வந்து ஸ்காபரோவில் குடியேறிய எனக்கு, முதற் குளிர்காலம் பெரும்பாலும் ஆங்கில வகுப்பிலேயே கழிந்தது. ஒரு நாள் ஆசிரியை செய்தித்தாளின் ஒரு பக்கத்தைப் பிரதியெடுத்துத் தந்து, ஆப்கானிஸ்தானில் கனடாப் படையின் பணி முன்னேறுகிறதா என்று விவாதிக்கச் சொன்னார். நாடே அப்போது அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. முன்னாள் அமைச்சர் ஜோன் மான்லி தலைமையிலான குழு 2008 ஜனவரியில் அறிக்கை கொடுத்திருந்தது. கனடாப் படை நின்ற கந்தகாருக்கு இன்னொரு நாடு மேலும் 1,000 படையினரை அனுப்பினால், ஹெலிகொப்டர்களும் ஆளில்லா விமானங்களும் கிடைத்தால், பணி முடியவிருந்த 2009 பெப்ரவரிக்குப் பிறகும் நிற்கலாம் என்பது அதன் சாரம். மார்ச் மாதத்தில் நாடாளுமன்றம் பணியை 2011 வரை நீடித்தது.

வகுப்பில் ஒருவர் கட்டப்பட்ட பள்ளிக்கூடங்களைச் சொன்னார், இன்னொருவர் இறந்த படையினரைச் சொன்னார். என் முறை வந்தபோது, தெரிந்த சிறிது ஆங்கிலத்தில் குருமண்வெளித் துறையைப் பற்றிச் சொன்னேன்.

எங்கள் வீடு மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில், குருமண்வெளியில் இருந்தது. அப்பாவின் வயலோ வாவிக்கு அப்பால், மேற்குக் கரையான படுவான்கரையில், மண்டூர்ப் பக்கத்தில் இருந்தது. இரு கரைகளுக்கும் இடையே ஆட்களையும் சைக்கிள்களையும் நெல் மூடைகளையும் ஏற்றிச் செல்லும் மிதவையை நாங்கள் 'பாதை' என்போம். 1987 ஜூலை இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு வந்த இந்தியப் படையினரை எங்கள் ஊரார் மாலை போட்டு வரவேற்றார்கள். அந்த ஒக்டோபரிலேயே அவர்களுக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கிவிட்டது. அடுத்த ஆண்டு, எனக்குப் பதினான்கு வயதில், துறையடியில் இந்தியப் படையின் சென்றி, அதாவது காவலரண், இருந்தது. அங்கே ஓர் அதிகாரி, நீல அட்டை போட்ட கொப்பியில், பாதையில் ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் நாள்தோறும் எண்ணி எழுதுவார். மாதத்துக்கு மாதம் தொகை கூடியது. சனங்கள் பயமில்லாமல் நடமாடத் தொடங்கிவிட்டார்கள் என்று, தமிழ் தெரிந்த ஒரு சிப்பாய் மூலம் அவர் அப்பாவிடம் மகிழ்ச்சியோடு சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

அப்பா தலையை மட்டும் ஆட்டினார். வீட்டுக்கு வரும் வழியில்தான் விளக்கினார். முன்பெல்லாம் வேளாண்மைக் காலத்தில் ஒருவர் ஒரு தரம் பாதையேறினால் வட்டைக்குள், அதாவது வயல்வெளியில், வாடி என்ற காவற்குடிசையில் தங்கி, யானைக்கும் பன்றிக்கும் காவலிருந்து, கிழமைக்கொரு தரம்தான் திரும்புவார். இப்போது இரவில் வாடியில் படுக்க எவருக்கும் துணிவில்லை. விடியப் போய்ப் பொழுதுபட முன் ஓடி வருகிறார்கள். கிழமைக்கு இரண்டு தரம் எண்ணப்பட்டவர் பதினான்கு தரம் எண்ணப்படுகிறார். அதிகாரி பொய் எழுதவில்லை, ஒரு தலையையும் கூட்டி எழுதவில்லை. எங்கள் பயத்தையே அவர் முன்னேற்றமாகப் பதிந்துகொண்டிருந்தார்.

நான் சொல்லி முடித்ததும் கந்தகாரைச் சேர்ந்த ஒரு பெண்மணி சற்றுக் கோபமாகவே மறுத்தார். தன் அண்ணன் மகள் பள்ளிக்கூடம் போகிறாள், எழுதக் கற்றுவிட்டாள், அதுவும் பொய்க் கணக்கா என்று கேட்டார். என்னிடம் மறுமொழி இருக்கவில்லை, இன்றும் இல்லை. அந்தப் பிள்ளை கற்ற எழுத்து மெய்யான எழுத்து. சிறிது நேரம் பொறுத்து அவரே, பள்ளிக்கு அனுப்பாதே என்று மிரட்டும் கடிதங்கள் இரவில் கதவில் ஒட்டப்படுவதையும் சொன்னார். இரவு யாருடையது என்ற கேள்வியை வைத்துக்கொண்டு இருவரும் இடைவேளை முழுவதும் பேசினோம்.

அந்த ஆண்டுகளில், ட்ரென்டன் விமானத் தளத்திலிருந்து இறந்த படையினரின் உடல்களைக் கொண்டுவரும் வண்டிகளைப் பார்க்க மக்கள் 401 நெடுஞ்சாலையின் மேம்பாலங்களில் நிற்பார்கள். ஒரு மாலை நானும் போய் நின்றேன். பக்கத்தில் நின்ற முதியவர் தொப்பியைக் கழற்றினார், நானும் கழற்றினேன். 2014இல் பணி முடியும்வரை 158 கனடாப் படையினர் இறந்தார்கள். எங்கள் மண்ணில் இறந்த இந்தியப் படையினர் 1,100க்கும் மேல். அவர்களுக்காகவும் எங்கோ ஒரு தெருவில் எவரேனும் நின்றிருப்பார் என்பது அந்தப் பாலத்தில்தான் எனக்கு முதன்முதலாக உறைத்தது.

வகுப்பில் நடந்ததைத் தொலைபேசியில் அப்பாவிடம் சொன்னேன். அவர் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "அதெல்லாம் சரி மகன், அவங்க போன பிறகு அவங்களோட நிண்ட பொடியன்மார என்ன செய்வாங்களாம்?" என்றார்.

பெரியம்மாவின் மகனை மனதில் வைத்துத்தான் கேட்டார். 1989இல், இந்தியப் படை புறப்படும் காலம் நெருங்க, அதோடு சேர்ந்து நின்ற தமிழ் இயக்கத்தினர் தமிழ்த் தேசிய இராணுவம் என்ற பெயரில் இளைஞர்களை வீதியில் பிடித்துச் சேர்த்தார்கள். அண்ணன் பாண் வாங்கப் போன இடத்தில் பிடிபட்டார். 1990 மார்ச்சில் கடைசிப் படையினர் திருகோணமலையில் கப்பலேறினார்கள். ஜூனில் மறுபடி யுத்தம் தொடங்கியது. அண்ணன் திரும்பி வரவேயில்லை. 1988 நவம்பரில் மாகாண சபைத் தேர்தல் நடந்ததும், வரிசையில் நின்று வாக்களித்ததும் அன்று முன்னேற்றமாகவே எண்ணப்பட்டன. அண்ணனும் அந்த வரிசையில் நின்றவர்தான்.

2021 ஓகஸ்ட் 15ஆம் தேதி தலிபான்கள் காபூலுக்குள் நுழைந்தார்கள். அன்றிரவு அந்தப் பெண்மணி எனக்கு அழைத்தார். அவருடைய அண்ணன் மகன், எழுதக் கற்ற அந்தப் பிள்ளையின் தமையன், கனடாப் படையிடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன். நானும் மனைவியும் அவர் வீட்டுக்குப் போனோம். கைத்தொலைபேசியை மேசை நடுவில் வைத்து, மூவரும் விடியும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.