கோடு லீன் என்கிறது, பிளக் கரியாக இருக்கிறது: பழைய பெட்ரோல் காரில் பி0171 கோட்டின் காரணத்தைப் பிடித்த வழி

வண்டி 2014 மாடல், 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல். ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி ஓடியது. செக் எஞ்சின் விளக்கு அணையாமல் எரிகிறது. சிக்னலில் நின்றால் எஞ்சின் லேசாகக் குலுங்குகிறது, மைலேஜ் இறங்கிவிட்டது, சைலன்சர் பக்கம் நின்றால் பெட்ரோல் வாடை. ஸ்கேனரில் பதிவான கோடு, அதாவது கோளாறுக் குறியீடு, பி0171; இன்னும் உறுதியாகாத பெண்டிங் பட்டியலில் பி0300. முதல் கோடு, கலவை லீன் என்கிறது: காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. இரண்டாவது, இன்ன சிலிண்டர் என்று குறிப்பிடாத மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் கலவை சரியாக எரியாமல் போவது.

பி0171 வந்தாலே, எக்ஸாஸ்ட் புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சரை மாற்றிவிடும் பழக்கம் நிறைய இடங்களில் இருக்கிறது. சில ஆயிரம் ரூபாய் போகும், கொஞ்ச நாளில் விளக்கு மறுபடி எரியும். இந்தக் கோடு சென்சர் கெட்டுவிட்டது என்று சொல்வதில்லை. சென்சர் கொடுத்த தகவலை வைத்து ஈசியூ (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போய், இனிமேல் கூட்ட இடமில்லை என்ற நிலையில் விளக்கைப் போடுகிறது. அந்தத் தகவல் ஏன் அப்படி வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அதுவரை ஸ்பேர் பார்ட்ஸ் கடைப் பக்கம் போக வேண்டாம்.

விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாகப் பார்க்கலாம். விட்டு விட்டு மின்னினால் அது கடுமையான மிஸ்ஃபயர். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். அப்போது ஆக்ஸிலரேட்டரைக் குறைத்து, முடிந்தவரை சீக்கிரம் வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

ஸ்கேனர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இந்தியாவில் பிஎஸ்4 மாசு விதிக் கார்களுக்கு 2010 ஏப்ரலில் ஓபிடி (வண்டியே தன் கோளாறைக் கண்டு பதியும் முறை) முதல் நிலையும், 2013 ஏப்ரலில் இரண்டாம் நிலையும் வந்தன. அதற்கு முந்தைய கார்கள் பலவற்றில் அதே 16 முனை சாக்கெட் இருக்கும், ஆனால் பேசும் மொழி அந்தந்தக் கம்பெனியுடையது. போனோடு சேரும் மலிவு ஸ்கேனரான ஈஎல்எம்327 புளூடூத் டாங்கிள் அதோடு இணையாது. அதை வைத்து ஈசியூ போய்விட்டது என்று முடிவுகட்டாதீர்கள். அந்தக் கம்பெனி வண்டியைப் படிக்கும் ஸ்கேனர் உள்ள ஒர்க்‌ஷாப் வேண்டும், அவ்வளவுதான். டாங்கிளில் விளக்கே வரவில்லை என்றால் சாக்கெட்டின் 16-வது முனையில் பேட்டரி வோல்டேஜ் வருகிறதா, 4, 5 முனைகளில் எர்த் இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். பெரும்பாலும் ஒரு ஃபியூஸ்தான் போயிருக்கும். மலிவான டாங்கிள்களில் 2.1 என்று போட்டு வருபவை கே-லைன் என்ற பழைய தொடர்பு முறை உள்ள வண்டிகளில் திணறுகின்றன, 1.5 என்று வருபவை பெரும்பாலும் பரவாயில்லை.

கோட்டைப் படித்தவுடன் அழிக்கக் கூடாது. அழித்தால் கோடு மட்டும் போவதில்லை. அந்தக் கோடு விழுந்த நொடியில் எஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்று ஈசியூ பிடித்து வைத்திருக்கும் ஃப்ரீஸ் ஃபிரேமும், கற்றுவைத்த ஃபியூயல் டிரிமும் (பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கு) சேர்ந்தே போய்விடும். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினாலும் பெரும்பாலான வண்டிகளில் இதே கதிதான். முதலில் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த வண்டியின் ஃப்ரீஸ் ஃபிரேமில் இருந்தவை: கூலண்ட் 88 டிகிரி, 760 ஆர்பிஎம், வேகம் பூஜ்யம், லாங் டேர்ம் டிரிம் கூட்டல் 23 சதவீதம். எஞ்சின் முழுச் சூட்டில், வண்டி நின்றுகொண்டு ஐடிலில் இருக்கும்போது கோடு விழுந்திருக்கிறது. ஹைவேயில் 100-ல் போகும்போது விழுந்திருந்தால் தேடல் பெட்ரோல் பம்ப் பக்கம் திரும்பியிருக்கும்.

அடுத்தது பேட்டரியும் எர்த்தும். இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள், பழைய வண்டியில் தாண்டவே கூடாது. நிறுத்தி வைத்த வண்டியில் 12.4 முதல் 12.7 வோல்ட், ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. பிறகு மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து ஸ்டார்ட் அடித்தால் 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எர்த் ஒயர் முனை துருப்பிடித்திருக்கிறது. அந்த நிலையில் சென்சர்கள் தரும் எண் எதையும் நம்ப முடியாது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து கோடுகள் ஒரே நேரத்தில் வந்தால் பாதி நேரம் காரணம் இங்கேதான் இருக்கும். கூடவே எஞ்சின் மேலிருக்கும் ஒயரிங்கில் எலி கடித்த தடம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், குறிப்பாக இன்ஜெக்டர் கப்ளர் அருகில். இந்த வண்டியில் இரண்டும் சரி.

இப்போது ஃபியூயல் டிரிம். ஸ்கேனர் ஆப்பில் லைவ் டேட்டாவில் ஷார்ட் டேர்ம், லாங் டேர்ம் என இரண்டு எண்கள் வரும். இரண்டையும் கூட்டித்தான் படிக்க வேண்டும். கூட்டல் என்றால் ஈசியூ பெட்ரோலைச் சேர்க்கிறது, கழித்தல் என்றால் குறைக்கிறது. கூட்டுத்தொகை இரண்டு பக்கமும் 10-க்குள் இருந்தால் கவலையில்லை. ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள்: இன்று பங்கில் கிடைக்கும் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்குத் தேவையான காற்று-எரிபொருள் விகிதம் சுமார் 13.5, இ10-க்கு 14.1. இ10-க்கு அமைத்த வண்டியில் இ20 ஊற்றினால் டிரிம் 4 சதவீதம் போல மேலே நிற்பது இயல்பு. ஆனால் எத்தனால் மட்டுமே இந்த விளக்கைப் போட வைக்காது. 23 எங்கே, 4 எங்கே.

இந்த வண்டியில் ஐடிலில் கூட்டுத்தொகை 24. ஆக்ஸிலரேட்டரை 2,500 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடம் பிடித்தால் 7-க்கு இறங்குகிறது. ஐடிலில் அதிகம், ஆர்பிஎம் ஏறினால் குறைவு என்றால் இன்டேக்கில் (எஞ்சினுக்குள் காற்று போகும் வழியில்) ஏர் லீக் என்பது பாடப்புத்தக விடை. அந்த விடை காற்றை நேரடியாக அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சர் உள்ள வண்டிக்குப் பொருந்தும். நம் ஊர்ச் சின்னக் கார்களில் பெரும்பாலும் இருப்பது இன்டேக் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதி) அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சர். மேப் வண்டியில் இன்டேக்கில் காற்று கசிந்தால் அழுத்தம் ஏறும், அதை சென்சரே பார்த்துவிடும், ஈசியூ அதற்கேற்ற பெட்ரோலையும் கொடுத்துவிடும். விளைவு, ஐடில் ஆர்பிஎம் ஏறும். டிரிம் இந்த அளவுக்கு ஏறுவது அபூர்வம். இங்கே ஐடில் 760-லேயே நிற்கிறது. ஆகவே இன்டேக் மேல் சந்தேகம் குறைகிறது.

மேப் சென்சர் சரியா என்று பார்க்க ஒரு எளிய வழி: எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆனில் வைத்தால் அது காட்ட வேண்டியது வெளிக்காற்றின் அழுத்தம். சென்னையில் 100 கிலோபாஸ்கல் அளவு, ஊட்டியில் 77 அளவு. இங்கே 100. ஸ்டார்ட் செய்து சூடான ஐடிலில் 34. இரண்டும் நல்ல எண்கள்.

அடுத்து ஆக்சிஜன் சென்சர் உயிரோடு இருக்கிறதா? கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் முன் சென்சரின் வோல்டேஜ், 0.1-க்கும் 0.9-க்கும் இடையே வேகமாக மேலும் கீழும் போய்வர வேண்டும். இங்கே ஐடிலில் பெரும்பாலும் 0.1 அருகே படுத்துக் கிடக்கிறது. சென்சர் போய்விட்டது என்ற முடிவு வருவது இந்த இடத்தில்தான். ஆனால் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று ஒரு மிதி மிதித்தால் உடனே 0.85-க்குத் தாவுகிறது, 3,000-லிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் நின்று பூஜ்யத்துக்கு விழுகிறது. இரண்டு பக்கமும் தாமதமில்லாமல் பதில் சொல்லும் சென்சரை மாற்றக் காரணம் இல்லை.

பிறகு பிளக்கைக் கழற்றினால் விஷயம் தெளிவாகிறது. உண்மையில் லீனாக ஓடும் எஞ்சினின் பிளக் வெளுத்திருக்கும். இங்கே நான்கும் கரி. மூன்றாவது, நான்காவது பிளக்குகளில் வெள்ளைப் பீங்கான் முனையைச் சுற்றி உலர்ந்த கரி மெழுகியது போல் படிந்து, விரலில் தடவினால் ஒட்டிக்கொண்டு வருகிறது. உள்ளே கலவை ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். சென்சர் மட்டும் லீன் என்கிறது. சென்சரும் நன்றாக இருக்கிறது. அப்படியானால் எஞ்சினுக்குள் போகாத காற்று, சென்சருக்கு முன்னால் வேறு வழியாக எக்ஸாஸ்டுக்குள் நுழைகிறது. எக்ஸாஸ்ட் வெளியேதானே தள்ளும், உள்ளே எப்படி இழுக்கும் என்ற கேள்வி நியாயம். எக்ஸாஸ்ட் சீராகப் போவதில்லை, துடிப்புத் துடிப்பாகப் போகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் அழுத்தம் வெளிக்காற்றுக்குக் கீழே இறங்கும் ஒரு கணம் உண்டு. ஐடிலில் ஓட்டம் குறைவு என்பதால் அந்தக் கணத்தில் சிறு விரிசல் வழியாகவும் காற்று உள்ளே வந்துவிடும். ஆர்பிஎம் ஏறினால் சராசரி அழுத்தம் ஏறி, உள்ளே வருவது குறையும். 24, 7 என்ற அந்த இரண்டு எண்களுக்கும் காரணம் இதுதான். சென்சர் அந்த ஆக்சிஜனைப் பார்த்து லீன் என்கிறது, ஈசியூ நம்பிப் பெட்ரோலைக் கொட்டுகிறது, பிளக் கரியாகிறது, மிஸ்ஃபயர் வருகிறது. பி0300, பெட்ரோல் வாடை, மைலேஜ் எல்லாம் இதன் பின்விளைவுகள்.

லீக் இருக்கும் இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்தால் முதல் ஒன்றிரண்டு நிமிடம் ‘டிக் டிக்’ சத்தம் வந்து, சூடேறியதும் அடங்கினால் அது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (சிலிண்டர்களிலிருந்து புகையைச் சேர்த்து வெளியேற்றும் குழாய்) பக்க லீக்குக்கு வலுவான அடையாளம். இரும்பு விரிந்து இடைவெளியை மூடிக்கொள்கிறது. உறுதிசெய்ய, எஞ்சின் முழுதாக ஆறிய நிலையில், வாக்குவம் கிளீனரின் காற்று வெளியேறும் பக்கத்துக் குழாயை சைலன்சர் வாயில் வைத்துத் துணியால் அடைத்து ஓட விடுங்கள். ஹீட் ஷீல்டைக் கழற்றிவிட்டு, மேனிஃபோல்டு பேக்கிங் ஓரம், சென்சர் மரை, அடியில் உள்ள ஃபிளாஞ்ச் ஜாயிண்ட் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். இந்த வண்டியில் மூன்றாவது, நான்காவது சிலிண்டர்களுக்கு நடுவே, கீழ் வரிசை நட்டுக்குப் பக்கத்தில் பேக்கிங் ஓரமாக நுரை பொங்கியது. அதே இடத்தில் சிலிண்டர் ஹெட்டில் விசிறி மாதிரி ஒரு கரித் தடமும் இருந்தது.

வேலையில் கவனம் வேண்டியது நட்டுகளைக் கழற்றும்போது. பத்து வருடச் சூட்டில் வெந்த ஸ்டட், அவசரப்பட்டால் ஹெட்டோடு முறிந்து நிற்கும். பிறகு டிரில் போட்டு எடுக்கும் செலவு மொத்த வேலையைவிட அதிகம். முந்தின நாளே துரு இளக்கும் ஆயிலை அடித்து ஊற விட்டு, கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி எடுக்க வேண்டும். மேனிஃபோல்டு முகத்தில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து வளைவு பாருங்கள். வளைந்திருந்தால் முகத்தைச் சமப்படுத்தாமல் புதுப் பேக்கிங் போட்டு பயனில்லை. விரிசலும் தேடுங்கள். புது பேக்கிங், புது நட்டுகள். நடுவிலிருந்து இரண்டு ஓரங்களுக்கும் போகிறபடி இரண்டு சுற்றாக, மானுவலில் உள்ள டார்க்குக்கு (முறுக்கு விசை அளவுக்கு) இறுக்க வேண்டும். ஒருமுறை சூடாகி ஆறியபின் மறுபடி சரிபார்ப்பது நல்லது.

லீக்கை சிலிக்கான் பேஸ்ட் தடவி அடைக்கும் வழக்கம் பல ஒர்க்‌ஷாப்களில் இருக்கிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் அது கூடவே கூடாது. சூட்டில் அது நிற்காது, அதோடு அதிலிருந்து வரும் சிலிக்கான் ஆவி ஆக்சிஜன் சென்சரின் முனையில் படிந்து, நன்றாக இருந்த சென்சரையும் கெடுத்துவிடும்.

பிளக்குகளை மாற்றிவிட்டு, இப்போதுதான் கோட்டை அழிக்க வேண்டும். பழைய 23 சதவீதக் கணக்கு ஈசியூவில் அப்படியே இருந்தால் முதல் சில கிலோமீட்டர் வண்டி இன்னும் ரிச்சாக ஓடும். அழித்தபின் சூடேற்றிப் பார்த்ததில் ஐடிலில் கூட்டுத்தொகை 5, 2,500-ல் 4. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண், மிச்சம் இருப்பது எத்தனாலின் பங்கு. சென்சர் வோல்டேஜும் ஐடிலிலேயே மேலும் கீழுமாக ஆடத் தொடங்கியிருந்தது. கோட்டை அழிக்காமல் விட்டாலும் கோளாறு தீர்ந்திருந்தால் விளக்கு தானாக அணையும்: அந்தச் சோதனை தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் தேறினால் போதும்.

எண்கள் வேறு மாதிரி வந்திருந்தால் வழியும் வேறு. ஐடிலில் 3, ஆர்பிஎம் ஏற ஏற 20-ஐத் தொட்டால் பெட்ரோல் வரத்து பற்றாக்குறை: டேங்குக்குள் இருக்கும் பம்ப், ஃபில்டர். பிரஷர் கேஜ் மாட்டி அளந்துவிட்டுத்தான் பம்பைக் கழற்ற வேண்டும். இவ்வகை வண்டிகளில் அளவு பெரும்பாலும் 3 முதல் 4 பார், சரியான எண் மானுவலில் இருக்கும். எல்லா ஆர்பிஎம்மிலும் ஒரே மாதிரி 20 என்றால் இன்ஜெக்டர் அடைப்பையும் மேப் சென்சரையும் சந்தேகிக்கலாம். கூலண்ட் சூடு கழித்தல் 40 டிகிரி என்று காட்டி பி0118 வந்தால் ஒயர் அறுந்திருக்கிறது அல்லது கப்ளர் கழன்றிருக்கிறது. சென்சரைக் கழற்றி ஓம் பார்த்தால் 20 டிகிரியில் சுமார் 2,000 முதல் 3,000, 80 டிகிரியில் 300 அளவு வர வேண்டும். பி0135 வந்தால் ஆக்சிஜன் சென்சரின் ஹீட்டர் ஃபியூஸை முதலில் பாருங்கள். பின்னால் பொருத்திய எல்பிஜி கிட் உள்ள வண்டியில் பி0171 வந்தால், பெட்ரோலில் மட்டும் ஓட்டி டிரிமைப் பார்த்துவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும்.

இந்த வண்டி நெடுநாள் ரிச்சாக ஓடியதால், கன்வெர்ட்டரின் திறன் குறைந்தது என்று சொல்லும் பி0420 பின்னால் வர வாய்ப்பு உண்டு. வந்தாலும் கன்வெர்ட்டரை உடனே மாற்ற வேண்டாம். படிந்த கரி எரிந்து போகும்படி ஹைவேயில் சில தடவை முழுச் சூட்டில் சீராக ஓட்டிவிட்டு, கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சரின் வோல்டேஜைப் பாருங்கள். அது 0.6, 0.7 அருகே அசையாமல் நின்றால் கன்வெர்ட்டர் வேலை செய்கிறது. முன் சென்சரைப் போலவே வேகமாக ஆடினால், அப்போதும் முதலில் சோப்புத் தண்ணீரோடு பின் சென்சர் வரைக்கும் உள்ள ஜாயிண்டுகளைப் பார்த்துவிட்டு, பிறகு கன்வெர்ட்டர் விலையை விசாரியுங்கள்.