தொடர்மாடி வாசலில் கைரேகை மிஷின்

கொழும்பில் மட்டக்குளியிலோ தெமட்டகொடையிலோ அரசாங்கத் தொடர்மாடி வாசலுக்குக் கைரேகை மிஷின் வருகிறது என்றால், ‘கள்ளன் வராமல் இருக்கத்தானே’ என்று எல்லாரும் வரிசையில் நின்று விரலை வைத்துவிடுவார்கள். வைக்குமுன் ஒன்றைக் கேளுங்கள்: வீடு மாறிப் போனால் இந்த விரலை எங்கெங்கே அழிப்பீர்கள்?

மிஷினில் மட்டும் அழித்தால் போதாது. ஒபிஸ் கம்ப்யூட்டரிலுள்ள மென்பொருளிலும் அதே பதிவு இருக்கும். அங்கே விட்டுவிட்டால், அடுத்த முறை இரண்டையும் ஒத்திசைக்கும்போது அழித்த விரல் திரும்பவும் மிஷினுக்கு வந்து சேரலாம். பெக்கப் எடுத்த பென் டிரைவ் மூன்றாவது இடம்.

விரலைவிட ஆபத்தானது நேரப் பதிவு. யார், எத்தனை மணிக்கு, எத்தனை நாள் வரவில்லை என்பது ‘உள்வாடகைக்கு விட்டிருக்கிறார்’ என்று வீட்டைப் பறிக்க ஒரு சாட்சியாகலாம். கள்ளனைப் பிடிக்க வந்த மிஷினுக்கு இது தேவையே இல்லை.

சீமெந்து வேலை செய்பவர், உடுப்புத் தோய்ப்பவர், வயதானவர் ஆகியோரின் ரேகை தேய்ந்திருக்கும், கதவு திறக்காது. முறைப்பாடு வந்ததும் மிஷினைப் பொருத்தியவர், ரேகை எவ்வளவு ஒத்திருக்க வேண்டும் என்ற ஒப்பீட்டு அளவைக் குறைத்துவிடுவார். அம்மம்மாவுக்குக் கதவு திறக்கும், ஆனால் வேறொருவர் விரலுக்கும் திறக்கும் வாய்ப்பு கூடும். முந்நூறு பேர் விரலுக்குள் தேடும் மிஷினில் அது சின்ன விஷயமல்ல.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் கைரேகை போன்ற பயோமெட்ரிக் தரவை விசேட வகையில் சேர்க்கிறது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. கைக்கு உதவுவது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான். தொடர்மாடி நகர அபிவிருத்தி அதிகாரசபையின் கீழ் இருந்தால், அதன் தகவல் அதிகாரிக்குத் தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. மிஷினுக்கான ஒப்பந்தப் பிரதி, பதிவுகளை வைத்திருக்கும் காலம், பார்க்கக்கூடியவர்கள் யார் என்று மூன்றையும் தனித்தனி இலக்கமிட்டுக் கேளுங்கள். கூட்டிக் கேட்டால் ஒன்றுக்கு மட்டும் பதில் வரும். கிடைத்ததற்கான ஒப்பத்தை வாங்குங்கள். 14 வேலைநாளில் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு.

நியூயோர்க் புரூக்ளினில் அட்லாண்டிக் பிளாசா டவர்ஸ் குடியிருப்பாளர்கள் முகமறியும் பூட்டை 2019இல் கைவிட வைத்தார்கள். பொருத்துமுன்னரே எதிர்த்தார்கள், அதுதான் விஷயம்.

கூட்டத்தில் வேண்டாம் என்றால் மட்டும் எடுபடாது, மாற்று வழியும் சொல்லுங்கள்: சாதாரணக் கார்டு. பெயரில்லாமல் வீட்டிலக்கத்துக்கு மட்டும், பதிவு 30 நாளில் தானாக அழியும்படி. தொலைந்தால் அந்தக் கார்டை மட்டும் நிறுத்தினால் போதும்.