ப்ளஸ் ஒன்னிலேயே கல்லூரிப் பாடம்: எதை முதலில் எடுப்பது?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். (ஆந்திரச் சித்தூர் அல்ல, நம் பாலக்காட்டுச் சித்தூர்.) தமிழ் மீடியத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து ப்ளஸ் ஒன் சேர்ந்ததும், ஆன்லைனில் ஒரு கல்லூரிப் பாடம் படிக்கலாமே என்று தோன்றினால் முதலில் கை போவது ஏ.ஐ., மெஷின் லேர்னிங் மேல்தான். அங்கேதான் தப்பு தொடங்குகிறது. அந்தப் பாடங்களில் சீக்கிரமே அணிகள் (மேட்ரிக்ஸ்), வகையிடல் (டிஃபரன்சியேஷன்), நிபந்தனை நிகழ்தகவு மூன்றும் வந்துவிடும். நம் பாடப்புத்தகத்தில் அணிகளும் நிபந்தனை நிகழ்தகவும் ப்ளஸ் டூவில் உள்ளவை. வகையிடல் ப்ளஸ் ஒன்னின் கடைசிப் பகுதியில்தான் தலைகாட்டும். ஜூலையில் சேர்ந்த பிள்ளை மூன்றையும் பார்த்திருக்காது. தலை சரியில்லை என்று தன்னையே நொந்துகொண்டு ஆகஸ்டில் விட்டுவிடும்.

பத்தாம் வகுப்போடு பிள்ளைகளை நேரே கல்லூரிக்குள் எடுக்கும் இடங்களில் என்ன படிக்க வைக்கிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவில் வட டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இயங்கும் டெக்சாஸ் கணித அறிவியல் அகாடமி அப்படிப்பட்டது. அங்கே எடுப்பது நுண்கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலக் கட்டுரை, வரலாறு, அரசியல். பெரும்பாலும் கல்லூரியின் தொடக்கப் பாடங்கள். வயது முந்தினாலும் பாடத்தின் வரிசை முந்தவில்லை.

நமக்கு ஏற்ற முதல் பாடம் பைதான் என்ற கம்ப்யூட்டர் மொழி. பத்தாம் வகுப்புக் கணக்கு போதும். ஐ.ஐ.டி.க்களின் ஆன்லைன் பாடத் தளமான என்.பி.டி.இ.எல்.லில் ஐ.ஐ.டி. ரோப்பர் நடத்தும் 'ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங் யூசிங் பைதான்' இதற்குப் பொருத்தம், 12 வாரம். வீடியோவைப் பார்த்தால் மட்டும் எதுவும் ஒட்டாது. ஒரு மணி நேர வீடியோவுக்கு இரண்டு மணி நேரம் கீபோர்டில் கை இருக்க வேண்டும். போனிலேயே முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பைதானில் உள்தள்ளல் (வரித் தொடக்கத்தில் விடும் இடைவெளி) ஓர் இடம் பிசகினாலும் ப்ரோகிராம் ஓடாது, சின்னத் திரையில் அந்தப் பிசகு கண்ணுக்குப் படாது. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையென்றால் பள்ளி லேபில் வாரம் இரண்டு மாலை கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது புள்ளியியல். மூன்றாவதுதான் நுண்கணிதம், அதுவும் ப்ளஸ் ஒன் தேர்வு முடிந்த பிறகு. நேரியல் இயற்கணிதம் (லீனியர் அல்ஜீப்ரா) என்றால், அணிகள் படித்த பிறகு.

என்.பி.டி.இ.எல். கணக்கு இப்படி: பாடம் படிக்கக் காசில்லை, சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். வாராந்தர அசைன்மென்ட்டுக்கு 25 மார்க், தேர்வுக்கு 75. தேற அசைன்மென்ட்டில் 10, தேர்வில் 30 தனித்தனியாக வேண்டும். ஒன்றில் அள்ளி மற்றதில் கோட்டை விட்டால் சான்றிதழ் கிடையாது. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட், 8 வாரப் பாடத்தில் சிறந்த 6 மட்டுமே எண்ணப்படும். இந்தச் சலுகையை முதல் மாதத்திலேயே செலவழித்துவிடாதீர்கள். ஜூலைப் பருவத்தின் நடுவே ஓணப் பரீட்சையும் ஓண விடுமுறையும் வரும். அந்த இரண்டு மூன்று வாரத்துக்காக அதைச் சேர்த்து வையுங்கள். ஜனவரிப் பருவம் மார்ச் பொதுத்தேர்வோடு நேராக மோதும். அதை எடுக்கவே வேண்டாம்.

சென்னை ஐ.ஐ.டி.யின் டேட்டா சயன்ஸ் பி.எஸ். என்ற ஆன்லைன் பட்டப்படிப்பு வேறு வழி. அதற்கு ஜே.இ.இ. தேவையில்லை. ப்ளஸ் ஒன் இறுதித் தேர்வு எழுதியவர்கள் குவாலிஃபையருக்கு விண்ணப்பிக்கலாம். தேறினால் ப்ளஸ் டூ முடித்துச் சேரலாம். குவாலிஃபையர் என்பது 4 வாரப் பாடம்: ஆங்கிலம், கணிதம், புள்ளியியல், கம்ப்யூடேஷனல் திங்கிங். அதன் பிறகு நேரில் போய் எழுதும் தேர்வு. தயாரா என்று பார்க்க ஒரு சின்ன சோதனை சொல்கிறேன். (1,2), (3,8) வழியே போகும் கோட்டின் சமன்பாடு என்ன? 2 அடிமானத்தில் 32இன் மடக்கை எவ்வளவு? ஐந்து பேரில் இரண்டு பேரை எத்தனை விதமாகத் தேர்ந்தெடுக்கலாம்? y = 3x − 1, 5, 10 என்று பத்து நிமிடத்துக்குள் வந்தால் விண்ணப்பிக்கலாம். வராவிட்டால் ப்ளஸ் ஒன் புத்தகத்தை இன்னொரு முறை.

உண்மையில் நம் பிள்ளைகளைத் தடுக்கி விழ வைப்பது கணக்கைவிடச் சொற்கள்தான். பத்து வரை பல்லுறுப்புக்கோவை என்று படித்த பிள்ளை ப்ளஸ் ஒன் வகுப்பில் 'பஹுபதம்' என்று மலையாளத்தில் கேட்கிறது, ஆன்லைன் பாடத்தில் 'பாலிநாமியல்' என்று கேட்கிறது. மூன்றும் ஒன்று என்று யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. நிகழ்தகவு, சாத்யத, ப்ராபபிலிட்டி அதே மாதிரி. ஒரு நாற்பது பக்க நோட்டில் மூன்று பத்தி கோடு போட்டு, ஒவ்வொரு புதுச் சொல்லையும் மூன்று மொழியிலும் எழுதிக்கொண்டே போங்கள். வீடியோவை 0.75 வேகத்தில் ஓடவிட்டு ஆங்கில எழுத்தையும் கீழே போட்டுக்கொண்டால் காதுக்குப் பிடிபடாதது கண்ணுக்குப் பிடிபடும். நோட்டில் நூறு சொல் சேருவதற்குள் பாதிப் பயம் போய்விடும்.

அக்ஷயா சென்டரில் (கேரள அரசின் இ-சேவை மையம்) என்.பி.டி.இ.எல். தேர்வுக்குப் பதிவு செய்யும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இனிஷியல் பின்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். அவசரத்தில் ஏதோ ஒன்றை அடித்துவிடுவார்கள், அதே பெயர்தான் சான்றிதழில் வரும். எஸ்.எஸ்.எல்.சி.யில் உள்ளபடியே அடிக்கச் சொல்லுங்கள். மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்கட்டும். சென்டர்க்காரருடையதைக் கொடுத்தால் ஹால் டிக்கெட் அவருக்குப் போய்ச் சேரும். தேர்வு நகரப் பட்டியலில் பாலக்காடோ கோயம்புத்தூரோ எது இருக்கிறதோ அதைச் சீக்கிரமே குறித்துவிடுங்கள், இடம் நிரம்பினால் தூரத்து ஊர்தான் மிஞ்சும். காலை 9 மணி ஷிப்ட் கிடைத்தால் முந்தைய வாரமே முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.