தலைவலிக்கிறது என்று சொல்லியிருக்கலாம்

எவரெஸ்ட் போகும் வழியில் உள்ள லொபுச்சே என்ற ஊரில், லாட்ஜின் சாப்பாட்டு அறையில் என் மச்சினன் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோதும் லேஸின் இரண்டு நுனிகளையும் கையில் பிடித்தபடி அவற்றையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். "என்ன மாப்ளே?" என்றேன். நிமிர்ந்து, "பஸ் எப்ப வரும் அத்தான்?" என்று கேட்டான்.

நாங்கள் இருந்தது 4,940 மீட்டர் உயரத்தில். பஸ் ஓடும் சாலைக்குப் பல நாள் நடக்க வேண்டும்.

எவரெஸ்ட்டின் அடிவார முகாமான பேஸ் கேம்ப் வரை நடப்பது அவன் கனவு. வயது 29, இரண்டு முழு மாரத்தான் ஓடியவன். எனக்கு 41, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். அவனுக்குத் துணையாகத்தான் நான் போனேன். "தம்பியப் பாத்துக்கோங்க" என்று என் மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள்.

எங்களுக்குக் கிடைத்த விடுப்பு குறைவு. பொதுவாக இந்த நடைக்குப் போகவர பன்னிரண்டு நாள் வைப்பார்கள். அதில் நாம்சே பஜாரில் ஒரு நாள், திங்போச்சேயில் ஒரு நாள் என்று இரண்டு நாள் உடம்பு பழகுவதற்காகவே தங்குவார்கள். நாங்கள் போன நிறுவனம் அந்த இரண்டு நாளையும் வெட்டிவிட்டு விலை குறைவான திட்டம் ஒன்றைக் காட்டியது. "நீங்கள் நல்ல ஃபிட், பிரச்சினை வராது" என்றார்கள். நாங்களும் சந்தோஷமாகப் பணம் கட்டினோம். இன்றைக்கும் அந்தக் கையெழுத்தை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

நடை தொடங்கும் லுக்லா 2,860 மீட்டர், நாம்சே 3,440, தெங்போச்சே 3,860, திங்போச்சே 4,410. ஒவ்வொரு நாளும் மேலே, மேலே. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் தங்க வேண்டும் என்பது மலை மருத்துவம் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்லும் கணக்கு. எங்களுக்கு அந்தக் கணக்கே தெரியாது. வழிகாட்டி மட்டும் "பிஸ்தாரே, பிஸ்தாரே" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நேபாளியில் மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். மச்சினன் அவரை முந்திக்கொண்டு நடந்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் எனக்காகக் காத்து நின்று சிரிப்பான்.

திங்போச்சேயில் அவன் பருப்புச் சோற்றைத் தொடவில்லை. அதுவரை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன். "பசிக்கல அத்தான், பூண்டு சூப் போதும்" என்றான். இரவில் அவன் பையின் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் குடிக்கிறான் என்று நினைத்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நாம்சேயிலிருந்தே அவன் எனக்குத் தெரியாமல் தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டிருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. மாத்திரை வலியை அமுக்கியது. உள்ளே நடப்பதை நிறுத்தவில்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பிறகு, கீழே ஃபெரிச்சே என்ற ஊரின் மருத்துவமனையில் ஒரு டாக்டர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். மேலே போனாலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். பேஸ் கேம்ப்பில், 5,364 மீட்டரில், ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் பாதி. 8,848 மீட்டர் உச்சியில் மூன்றில் ஒரு பங்கு. உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும். ஆனால் நாள் பிடிக்கும். அவசரப்பட்டால் மெல்லிய ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும். மூளையில் கசிந்தால் வீக்கம், தள்ளாட்டம், குழப்பம். நுரையீரலில் கசிந்தால் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், பிறகு நுரையோடு இருமல். இதில் மாரத்தான் ஓடியவன், ஓடாதவன் என்ற வித்தியாசமே இல்லை. நல்ல உடல் பலம் உள்ளவன் வேகமாக ஏறிவிடுகிறான், ஆபத்தும் அவனைச் சீக்கிரம் பிடிக்கிறது. நான் திணறித் திணறி நடந்ததுகூட என்னைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார்.

லொபுச்சேக்குப் போகும் வழியில் துக்லா கணவாய் வரும். ஏறி முடித்ததும் ஒரு மேடு முழுக்கக் கல் குவியல்கள், பிரார்த்தனைக் கொடிகள். எவரெஸ்ட்டில் இறந்தவர்களின் நினைவிடங்கள். பாபு சிரி ஷெர்பாவுக்கு அங்கே ஒன்று இருக்கிறது. பத்து முறை உச்சி தொட்டவர், 1999இல் ஆக்சிஜன் உருளை இல்லாமல் உச்சியில் 21 மணி நேரம் தங்கியவர். 2001இல் இரண்டாம் முகாமுக்கு அருகே பனிப் பிளவில் விழுந்து இறந்தார். அமெரிக்க மலையேற்ற வழிகாட்டி ஸ்காட் ஃபிஷருக்கும் ஒன்று. 1996 மே மாதப் புயலில் எவரெஸ்ட்டில் இறந்த எட்டுப் பேரில் அவர் ஒருவர். அன்று மதியம் 2 மணிக்குள் உச்சியைத் தொடாவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்று பேசி வைத்திருந்தார்கள். பலர் 2 மணிக்குப் பிறகும் ஏறிக்கொண்டே இருந்தார்கள்.

இதையெல்லாம் வழிகாட்டி சொல்லிக்கொண்டிருந்தபோது மச்சினன் ஒரு கல்லில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தான். அந்த இடத்தின் சோகம் அவனைத் தாக்கிவிட்டது என்று நான் நினைத்தேன்.

அன்று இரவுதான் அந்த ஷூ லேஸ். அவன் பஸ்ஸைப் பற்றிக் கேட்டதும் நான் வழிகாட்டியைக் கூப்பிட்டேன். அவர் பதற்றமே காட்டவில்லை. மச்சினனை எழுப்பி நிறுத்தி, தரைப் பலகையின் ஒரு கோட்டைக் காட்டி, ஒரு பாதத்தின் குதிகாலை இன்னொரு பாதத்தின் விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் மச்சினன் குடித்தவனைப் போலச் சரிந்து மேஜையில் விழுந்தான். ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 61 சதவீதம் காட்டியது. எனக்கு 80.

"இப்பவே இறங்கணும்" என்றார். மணி எட்டு. வெளியே கும்மிருட்டு, தண்ணீர் பாட்டில் உறையும் குளிர். காலையில் போகலாமா என்று கேட்டேன். "காலையில் இவர் எழுந்திருக்க மாட்டார்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு நான் எதுவும் பேசவில்லை.

எங்கள் பைகளைச் சுமந்துவந்த பையனுக்கு 19 வயது. துக்லா இறக்கத்தில் மச்சினனால் காலை ஊன்ற முடியாமல் போனபோது, அந்தப் பையன் சுமை தூக்கும் பட்டையை நெற்றியில் மாட்டி, அவனை முதுகில் கட்டிக்கொண்டு, உருளும் கற்களில் இறங்கினான். நான் பின்னால் டார்ச் அடித்தபடி நடந்தேன். ஒருமுறை வழுக்கிய இடத்தில் பையனின் முழங்கை பாறையில் உரசிக் கிழிந்தது. நிற்கவில்லை. எங்கள் பேராசைக்கும் பொய்க்கும் அந்தப் பிள்ளையின் உயிர் ஏன் பணயமாக வேண்டும்? இதை நான் இன்னும் என்னிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் ஃபெரிச்சே வந்தோம். ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் 1973 முதல் அங்கே நடத்திவரும் சிறிய மருத்துவமனை அது. கதவைத் தட்டியதும் விளக்கு எரிந்தது. ஆக்சிஜன், மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் ஊசி. மூலையில் ஓர் ஆளைப் படுக்க வைத்துக் காற்றடித்து மூடும் பெரிய பை இருந்தது. உள்ளே அழுத்தத்தைக் கூட்டி, ஆளை ஆயிரம் மீட்டருக்கும் மேல் கீழே இறக்கியதைப் போலச் செய்யுமாம். அது எங்களுக்குத் தேவைப்படவில்லை. அதிகாலை நாலரைக்கு மச்சினன் கண் திறந்து என் பெயரைச் சரியாகச் சொன்னான். நான் வெளியே வந்து அழுதேன்.

அங்கே வெளியில் எவரெஸ்ட்டில் இறந்தவர்களின் பெயர்கள் பொறித்த உலோகக் கூம்பு ஒன்று இரண்டாகப் பிளந்து நிற்கிறது. வழிகாட்டி என் பக்கத்தில் வந்து நின்றார். வசந்த காலத்தில் அவர் எவரெஸ்ட் குழுக்களோடு மேல் முகாம்களுக்குச் சுமை கொண்டுபோகிறவர். பனியில் வழுக்காமலிருக்கக் காலணியில் கிராம்பான் முள்ளைப் பூட்டுவது எப்படி என்பதை பேஸ் கேம்ப்பில் வைத்து ஏற வந்த ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்து, அதே வாரம் அந்த ஆளை, பிளவுகள் நிறைந்த பனியருவிக்குள் அழைத்துப் போயிருப்பதாகச் சொன்னார். கயிற்றில் தன்னைத் தானே மாட்டிக்கொள்ளத் தெரியாதவர் முன்னால் நின்றால் பின்னால் வரும் அத்தனை பேரும் நிற்க வேண்டும். நின்றாலும் உருளையில் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டுதான் இருக்கும். 2019 மே மாதம் உச்சிக்குக் கீழே மனித வரிசை நின்ற படத்தை உலகமே பார்த்தது. அந்தப் பருவத்தில் நேபாளம் கொடுத்த அனுமதி 381. அந்த ஆண்டு எவரெஸ்ட்டில் இறந்தவர்கள் 11 பேர்.

2025 செப்டம்பர் முதல் அனுமதிக் கட்டணம் 11,000 டாலரிலிருந்து 15,000 டாலர் ஆகியிருக்கிறது. பணம் கூடுதலாகக் கட்டுகிறவனுக்கு அனுபவம் கூடிவிடாது. 7,000 மீட்டர் சிகரம் ஒன்றை முன்பே ஏறியிருக்க வேண்டும் என்று நேபாளத்தில் யோசிக்கும் விதி வருமானால் நான் மனதார வரவேற்பேன். பேஸ் கேம்ப் நடைக்கே தலைவலியை மறைக்கத் தோன்றுகிறது. அவ்வளவு பணமும் வருடக் கணக்கில் கனவும் போட்டுவிட்டு 8,000 மீட்டருக்கு மேல் நிற்பவனுக்கு, இன்னும் நூறு மீட்டர்தான் என்று தெரியும்போது, திரும்பிப் போக எப்படி மனம் வரும்?

ஏன் மறைத்தாய் என்று மச்சினனிடம் லுக்லாவில் கேட்டேன். காலையில் ஹெலிகாப்டரில் அங்கே இறங்கியிருந்தோம். மேகம் மூடியதால் காத்மாண்டுவுக்கு விமானம் இல்லை. "சொன்னா நீங்க திரும்பலாம்னு சொல்லிருப்பீங்க அத்தான்" என்றான். அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "லொபுச்சேயில என்ன நடந்துச்சு?" என்றான். துக்லாவில் கல்லில் உட்கார்ந்தது வரைதான் நினைவிருக்கிறதாம். யார் முதுகில் வந்தோம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. நான் சொன்னேன்.

மறுநாளும் மேகம். லுக்லாவின் கோடியில் நடைபாதை தொடங்கும் இடத்தில் பசாங் லாமு ஷெர்பா நினைவு வளைவு இருக்கிறது. 1993இல் எவரெஸ்ட் ஏறிய முதல் நேபாளப் பெண். ஏறிவிட்டு இறங்கும்போது இறந்தார். அந்த வளைவுக்குக் கீழே மூன்று இளைஞர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். புதுப் பைகள், புது ஷூக்கள். ஆறு நாளில் பேஸ் கேம்ப் போய்த் திரும்பப் போவதாக ஒருவன் சத்தமாகச் சொன்னது டீக்கடையில் இருந்த எங்களுக்குக் கேட்டது.

மச்சினன் டீயை வைத்துவிட்டு எழுந்து போனான். என்ன பேசினான் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர்கள் முதலில் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. அவன் அந்தக் கல் பாவிய பாதையில், குதிகாலை விரலோடு ஒட்டி வைத்து, அடி மேல் அடியாக நடந்து காட்டிக்கொண்டிருந்தான்.